விண்டோஸ் எக்ஸ்பி: பழைய வீட்டுக் கணினியும் இயங்குதள மாற்றமும்

விண்டோஸ் எக்ஸ்பி என்பது மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001 அக்டோபர் 25 அன்று விற்பனைக்கு வெளியிட்ட கணினி இயங்குதளம் ஆகும். 2014 ஏப்ரல் 8 வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, இதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்பட்டன. இக்காலத்தில் கணினி வைத்திருந்த வீடுகள் ஒரே கேள்வியை இரண்டு முறை எதிர்கொண்டன. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியில் இயங்குதளத்தை மாற்றுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்பதே அக்கேள்வி. முதல் முறை விண்டோஸ் 98-லிருந்து எக்ஸ்பிக்கு வருவதற்காக அது எழுந்தது. இரண்டாம் முறை எக்ஸ்பியை விட்டு வெளியேறுவதற்காக எழுந்தது. இரண்டு முறையும் விளம்பரங்கள் புதிய வசதிகளையே எடுத்துக்காட்டின. வீட்டில் முடிவைத் தீர்மானித்தவை வேறு: கணினியின் நினைவகம், அச்சுப்பொறி போன்ற துணைக்கருவிகள், வன்தட்டில் இருந்த கோப்புகள், இயங்குதளத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைத்துத் தர ஆள் உண்டா என்பது ஆகியவை.

இரண்டு வழிகள் ஒன்றாதல்

எக்ஸ்பிக்கு முன் விண்டோஸ் இரண்டு தனி வழிகளில் வளர்ந்தது. வீடுகளுக்கான விண்டோஸ் 95, 98, எம்.ஈ. ஆகியவை பழைய டாஸ் அடித்தளத்தின் மேல் அமைந்தவை. ஒரு நிரல் பழுதடைந்தால் கணினி முழுவதும் உறைந்துபோவது இவற்றில் அடிக்கடி நிகழ்ந்தது. அலுவலகங்களுக்கான விண்டோஸ் என்.டி., விண்டோஸ் 2000 ஆகியவை வேறு அடித்தளம் கொண்டவை. அவற்றில் நிரல்கள் ஒன்றின் நினைவகப் பகுதிக்குள் மற்றொன்று நுழையாதபடி பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த உறுதியான அடித்தளத்தை வீட்டுக் கணினிக்கும் கொண்டுவந்தது எக்ஸ்பி. வெளியில் தெரிந்தது நீலப் பட்டையும் பச்சைத் தொடக்கப் பொத்தானும். உள்ளே மாறியது அடித்தளமே.

முதல் முடிவு: 98-லிருந்து எக்ஸ்பிக்கு

விண்டோஸ் 98-க்கு 16 மெகாபைட் நினைவகம் குறைந்தபட்சத் தேவையாக இருந்தது. எக்ஸ்பிக்கு 233 மெகாஹெர்ட்ஸ் செயலி, 64 மெகாபைட் நினைவகம், வன்தட்டில் 1.5 ஜிகாபைட் இடம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள். 128 மெகாபைட் நினைவகம் பரிந்துரைக்கப்பட்டது. குறைந்தபட்சத் தேவை என்பது கணினி இயங்கத் தொடங்கும் அளவே தவிர, வேலை செய்ய வசதியான அளவு அன்று. 64 மெகாபைட் கொண்ட கணினியில் எக்ஸ்பியை நிறுவியவர்கள், ஒரு சாளரத்தைத் திறந்துவிட்டு வன்தட்டின் இரைச்சலைக் கேட்டபடி காத்திருக்க நேர்ந்தது.

விண்டோஸ் 98, எம்.ஈ. ஆகியவற்றின் மேல் எக்ஸ்பியை நேரடியாக நிறுவ முடிந்தது. கோப்புகளும் பெரும்பாலான நிரல்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. விண்டோஸ் 95-இலிருந்து அவ்வாறு மாற வழியில்லை. அமெரிக்காவில் எக்ஸ்பி ஹோம் பதிப்பின் விலை, பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்கு 99 டாலர். புதிதாக வாங்குவோருக்கு 199 டாலர். ஒரு குறுந்தகட்டைப் பல கணினிகளில் பயன்படுத்துவதைத் தடுக்க, நிறுவிய பின் உரிமத்தை மைக்ரோசாப்டிடம் பதிந்து செயலாக்கும் முறையும் வீட்டுப் பயனர்களிடம் எக்ஸ்பியோடு பரவலாயிற்று.

புழுக்கள் கற்பித்த பாடம்

2003 ஆகஸ்ட் 11 அன்று பிளாஸ்டர் என்னும் கணினிப் புழு இணையத்தில் பரவத் தொடங்கியது. எந்தக் கோப்பையும் திறக்காமல், இணையத்தில் இணைந்திருந்தாலே எக்ஸ்பி கணினிகளை அது தாக்கியது. திரையில் 60 நொடிகள் பின்னோக்கி எண்ணப்பட்டு, கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்கியது. இந்தப் புழு நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2003 ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ நான்கு வாரங்கள் கிடைத்தும் பலர் அதை நிறுவவில்லை. விண்டோஸ் 98 இப்புழுவால் பாதிக்கப்படவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. புதியதற்கு மாறினால் மட்டும் போதாது, மாறியபின் திருத்தங்களையும் தொடர்ந்து நிறுவ வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இதன் விளைவாக, 2004 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் சேவைத் தொகுப்பில் பாதுகாப்புக்கு முதலிடம் தரப்பட்டது. தீச்சுவர் இயல்பாகவே இயங்கும்படி செய்யப்பட்டது. ஆனால் முழுத் தொகுப்பின் அளவு ஏறத்தாழ 270 மெகாபைட். தொலைபேசி வழியாக 56 கிலோபிட் வேகத்தில் இணையம் பெற்ற வீட்டில், தடையே இல்லாவிட்டாலும் அதை இறக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் மைக்ரோசாப்ட் அதைக் குறுந்தகடாகவும் வழங்கியது. விண்டோஸ் 98, எம்.ஈ. ஆகியவற்றுக்கான ஆதரவு 2006 ஜூலை 11 அன்று முடிந்தது.

விஸ்டாவும் தயக்கமும்

எக்ஸ்பிக்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரி 30 அன்று பொது விற்பனைக்கு வந்தது. அதன் குறைந்தபட்ச நினைவகத் தேவை 512 மெகாபைட். முழு வசதிகளுக்கு 1 ஜிகாபைட்டும், தகுந்த வரைகலை அட்டையும் தேவைப்பட்டன. விஸ்டாவில் வரைகலை, ஒலி முதலியவற்றுக்கான இயக்கி நிரல்களின் அமைப்பும் மாறியது. பழைய அச்சுப்பொறி, வருடி ஆகியவற்றைத் தயாரித்த நிறுவனங்கள் பல மாதிரிகளுக்குப் புதிய இயக்கிகளை எழுதித் தரவில்லை. எனவே நல்ல நிலையில் இருந்த அச்சுப்பொறி, இயங்குதளம் மாறிய அன்றே பயனற்றுப் போகும் நிலை ஏற்பட்டது. விஸ்டாவுக்கு ஏற்றவை என்று வில்லை ஒட்டி விற்கப்பட்ட சில கணினிகளில் அதன் எளிய பதிப்பு மட்டுமே இயங்கியதால், அமெரிக்காவில் 2007-இல் மைக்ரோசாப்ட் மீது வழக்கும் தொடரப்பட்டது.

இக்காலத்தில் பலர் எக்ஸ்பியிலேயே இருக்க முடிவு செய்தனர். சிறிய, விலை குறைந்த மடிக்கணினிகளும் அப்போதுதான் பரவின. விஸ்டாவைத் தாங்கும் வலு அவற்றுக்கு இல்லாததால் அவற்றில் எக்ஸ்பியே 2010 வரை நிறுவி விற்கப்பட்டது. 2008-இல் மூன்றாம் சேவைத் தொகுப்பு வந்தது. ஆக, விஸ்டாவைத் தவிர்த்தவர்கள் அன்று எதையும் இழக்கவில்லை. எக்ஸ்பிக்கான திருத்தங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன என்பதே அதற்குக் காரணம்.

தமிழில் எழுதுவோரின் தனிச் சிக்கல்

தமிழ்க் கோப்புகள் வைத்திருந்தவர்களுக்கு இயங்குதள மாற்றம் கூடுதலான ஒரு கேள்வியை எழுப்பியது. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி உருவாக்கப்பட்டன. ஈழத் தமிழரிடையே பெரிதும் பரவிய பாமினி இவ்வகையைச் சேர்ந்தது. தன்னார்வலர்கள் உருவாக்கிய திஸ்கி, 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாம், டாப் ஆகிய குறியாக்கங்களும் வழக்கில் இருந்தன. இவ்வாறு எழுதப்பட்ட கோப்பை, அதே எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற எழுத்துகளும் குறிகளுமே தெரியும்.

ஒருங்குறித் தமிழை ஆதரித்த முதல் விண்டோஸ் பதிப்பு விண்டோஸ் 2000 ஆகும். லதா என்னும் எழுத்துரு அதனுடன் வந்தது. எக்ஸ்பியிலும் அந்த ஆதரவு இருந்தது. ஆனால் இயல்பாகச் செயல்படவில்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் மொழிகளுக்கான பகுதிக்குச் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கட்டத்தைக் குறியிட்டு, எக்ஸ்பி குறுந்தகட்டையும் உள்ளிட வேண்டும். குறுந்தகடு கைவசம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் நின்றுபோயினர். விஸ்டா முதல் இச்சிக்கல் நீங்கியது. தமிழ் எழுத்துகள் எந்த அமைப்பும் செய்யாமலேயே தெரிந்தன. 2010-இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

ஆகவே, தமிழ் படிப்பதற்கும் எழுதுவதற்கும் புதிய இயங்குதளம் வசதியாக இருந்தது. பழைய கோப்புகளுக்கோ மாற்றம் ஆபத்தாக அமையக்கூடும். கதை, கடிதம், குடும்ப வரலாறு, கோயில் மலர் என்று பத்தாண்டு உழைப்பைப் படியெடுத்து வைத்தவர்கள்கூட எழுத்துருக்களைப் படியெடுக்க மறந்தால், வன்தட்டை அழித்த பிறகு கோப்பு இருந்தும் படிக்க இயலாத நிலை உண்டாகும். எழுத்துருக்களையும் சேர்த்துப் பாதுகாத்தவர்களும், குறியாக்க மாற்றிகளின் துணையால் கோப்புகளை முன்கூட்டியே ஒருங்குறிக்கு மாற்றியவர்களும் இத்துன்பத்திலிருந்து தப்பினர்.

இரண்டாம் முடிவு: 2014 ஏப்ரல் 8

விண்டோஸ் 7 பதிப்பு 2009 அக்டோபர் 22 அன்று வெளிவந்தது. 1 கிகாஹெர்ட்ஸ் செயலி, 1 ஜிகாபைட் நினைவகம், 16 ஜிகாபைட் வன்தட்டு இடம் ஆகியவை இதன் 32 பிட் பதிப்புக்குத் தேவைப்பட்டன. எக்ஸ்பியின் மேல் இதை நேரடியாக நிறுவ இயலாது. புதிதாக நிறுவி, எல்லா நிரல்களையும் மீண்டும் ஏற்ற வேண்டும். 64 பிட் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், டாஸ் காலத்து நிரல்களும் விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களும் இயங்கா.

எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு நின்றன. மறுநாள் காலையும் எக்ஸ்பி கணினிகள் வழக்கம்போல் இயங்கின. பலருக்கு இதுவே குழப்பத்தைத் தந்தது. கணினி நின்றுபோகவில்லை; அதைப் பழுது பார்ப்பதுதான் நின்றது. புதிய விண்டோஸ் பதிப்புகளுக்கு வெளியாகும் ஒவ்வொரு திருத்தமும், அதே ஓட்டை எக்ஸ்பியிலும் இருக்கலாம் என்று தாக்குவோருக்குக் குறிப்புக் காட்டுவதாகவும் அமைந்தது.

பெரிய அமைப்புகள் பணம் கொடுத்துக் கால நீட்டிப்புப் பெற்றன. பிரித்தானிய அரசு தன் பொதுத்துறைக் கணினிகளுக்கு ஓராண்டு ஆதரவைப் பெற ஏறத்தாழ 55 இலட்சம் பவுண்டு செலுத்தியது. வீட்டுப் பயனர்களுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. அவர்களுக்கு நான்கு வழிகள் இருந்தன:

1. நினைவகத்தைக் கூட்டி, விண்டோஸ் 7 அல்லது 8.1 நிறுவுதல். ஏறத்தாழ 2006-க்குப் பின் வாங்கிய கணினிகளுக்கே இது பெரும்பாலும் பொருந்தியது. மிகப் பழைய செயலிகளில் விண்டோஸ் 8 நிறுவவே இயலவில்லை.
2. லினக்ஸ் நிறுவுதல். செருமனியின் மியூனிக் நகராட்சி, எக்ஸ்பி வைத்திருந்த மக்களுக்கு உபுண்டு லினக்ஸ் குறுந்தகடுகளை இலவசமாக வழங்கியது. தமிழ்நாடு அரசு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சைத் தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது. செலவு இல்லை, ஆனால் வழக்கமான விண்டோஸ் நிரல்களைக் கைவிட வேண்டும்.
3. எக்ஸ்பியை வைத்துக்கொண்டு இணையத் தொடர்பைத் துண்டித்தல். பழைய அச்சுப்பொறிக்கும், பழைய தமிழ்க் கோப்புகளுக்கும் இது போதுமானதாக இருந்தது.
4. புதிய கணினி வாங்குதல்.

எதையும் செய்யாமல் எக்ஸ்பியுடன் இணையத்தில் தொடர்ந்தவர்களும் ஏராளம். அவர்களின் கணினியை மெல்ல மெல்லப் பயனற்றதாக்கியவை உலாவிகளே. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் எக்ஸ்பியில் எட்டாம் பதிப்போடு நின்றது. குரோம் உலாவி 2016-இல் எக்ஸ்பியைக் கைவிட்டது; பயர்பாக்ஸ் 2018-இல் கைவிட்டது. புதிய மறையாக்க முறைகளுக்கு மாறிய வங்கித் தளங்கள் பழைய உலாவிகளில் திறக்க மறுத்தன.

பிற்காலத் தாக்குதல்கள்

2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. மறுநாளே மைக்ரோசாப்ட், கைவிடப்பட்ட எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. பழைய எக்ஸ்பியே இத்தாக்குதலுக்குப் பெரிதும் இரையானது என்று அப்போது பேசப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள், தாக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள் என்று காட்டின. அவற்றுக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. 2003-இல் பிளாஸ்டர் காட்டிய அதே உண்மை மீண்டும் வெளிப்பட்டது: திருத்தம் வெளிவந்தும் நிறுவாத கணினிக்கும், திருத்தமே வராத கணினிக்கும் தாக்குதல் வரும் நாளில் வேறுபாடு இல்லை.

மீண்டும் எழுந்த கேள்வி

விண்டோஸ் 10 பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, நினைவகத்தையும் வன்தட்டையும் மட்டும் பார்ப்பதில்லை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், பட்டியலிடப்பட்ட செயலிகளுள் ஒன்றையும் கேட்கிறது. இன்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதலே ஏற்கப்படுகின்றன. எனவே வேகமாக ஓடும் பல கணினிகளும் தகுதி இழந்தன. எக்ஸ்பி காலத்தைப் போலன்றி, இம்முறை வீட்டுப் பயனர்களும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்களைப் பெற வழி செய்யப்பட்டது.

எக்ஸ்பியின் வரலாற்றிலிருந்து, மாற்றத்துக்கு முன் பார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்தலாம். முதலாவது, இப்போதுள்ள இயங்குதளத்துக்குத் திருத்தங்கள் எந்த நாள்வரை வரும் என்பது. அந்த நாள் தொலைவில் இருந்தால், விஸ்டாவைத் தவிர்த்தவர்களைப் போலப் பொறுத்திருக்கலாம். இரண்டாவது, புதிய பதிப்பு பரிந்துரைக்கும் அளவு. குறைந்தபட்ச அளவை நம்பிப் பயனில்லை. மூன்றாவது, அச்சுப்பொறி முதலிய துணைக்கருவிகளுக்குப் புதிய இயக்கிகள் உண்டா என்பது. நான்காவது, கோப்புகளும் அவற்றைத் திறக்கத் தேவையான எழுத்துருக்களும் நிரல்களும் வேறோர் இடத்தில் படியெடுக்கப்பட்டுள்ளனவா என்பது. முதல் மூன்றில் தவறினால் பணத்தாலோ உழைப்பாலோ சரிசெய்துவிடலாம். நான்காவதில் தவறியவர்கள் இழந்த கடிதங்களும் ஒளிப்படங்களும் எந்த இயங்குதளத்திலும் திரும்பக் கிடைக்கவில்லை.