‘முக்கியம்’ என்பதை யார் தீர்மானிப்பது?

மின்னஞ்சல்களைத் தாமாகவே தரம்பிரிக்கும் கருவிகளின் வரலாறு, ‘முக்கியம்’ என்னும் சொல்லின் பொருள் மாறிவந்த வரலாறும் ஆகும்.

செய்திகளை உருவாக்கி அனுப்பும் கருவிகள் பெற்ற கவனத்தை, அவற்றைப் பெறுபவரின் சுமை பெறவில்லை என்று 1982இல் ‘மின்னணுக் குப்பை’ என்ற கட்டுரையில் சுட்டினார் கணினியியலாளர் பீட்டர் டென்னிங். 1987இல் எம்.ஐ.டி.யின் தாமஸ் மலோன் குழுவினர் ‘இன்ஃபர்மேஷன் லென்ஸ்’ என்னும் அமைப்பை விவரித்தனர். அதில் எந்த மடலை எவ்வாறு பிரிப்பது என்பதற்கான விதிகளைப் பயனரே வகுத்தார். விதி கண்ணுக்குத் தெரிந்தது, திருத்தவும் இடமிருந்தது.

1999 அளவில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் எரிக் ஹார்விட்ஸ் குழுவினர் வேறொரு கேள்வியை எழுப்பினர்: இம்மடலைத் தாமதித்துப் படித்தால் நேரும் இழப்பு எவ்வளவு? முக்கியத்துவம் கணிக்கத்தக்க அளவாயிற்று.

2010 ஆகஸ்டில் ஜிமெயிலின் ‘பிரயாரிட்டி இன்பாக்ஸ்’ வெளிவந்தது. மடல் வந்த குறிப்பிட்ட காலத்துக்குள் பயனர் அதைத் திறப்பது, பதிலளிப்பது போன்ற செயல்களுக்கான நிகழ்தகவை அது கணித்தது. அனுப்புநருடன் முன்பு நிகழ்ந்த தொடர்பும் அக்கணிப்புக்கு ஒரு சான்று. முக்கியமானதைப் படிப்பது என்ற நிலை மாறி, படிக்கப்படக்கூடியதே முக்கியம் என்றாயிற்று.

அறிமுகமற்ற பேராசிரியருக்கு ஒரு மாணவர் எழுதும் முதல் மடலுக்கு அத்தகைய முன்தொடர்பு ஏதுமில்லை. கணிப்பு பிழைத்தால் பயனர் குறியிட்டுத் திருத்தலாம். ஆனால் அத்திருத்தம் இயந்திரத்துக்கு மேலும் ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. 1987இன் பயனர் எழுதியதோ விதி.