டர்ன்டேபிள் உறுமுதா? கிச்சன் மேடையில் மிச்சமான கிரானைட்டும் ஒரு சைக்கிள் ட்யூபும் போதும்!

பரணிலிருந்து அப்பாவோ தாத்தாவோ சேர்த்துவைத்த எல்.பி ரெக்கார்டுகளை இறக்கியாச்சு. டர்ன்டேபிள், நல்ல ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர் எல்லாம் வந்தாச்சு. ஆனால், வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாலே 'ஊம்ம்' என்று ஓர் உறுமல். ஹாலில் யாராவது வேகமாக நடந்தால் முள் தாவுகிறது. உடனே மெஷினில் கோளாறு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் கோளாறு மெஷினில் இல்லை. அது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது.

இதற்கென்றே அதிர்வைத் தடுக்கும் கால்கள், மேடைகள் என விற்கிறார்கள். சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டும் சமாசாரம் அது. ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். நீங்கள் தருமபுரிப் பக்கம் என்றால், தேவையானதில் பாதி உங்கள் ஊர் கல் பட்டறையிலேயே கிடக்கிறது.

முள்ளுக்கு எல்லாமே பாட்டுதான்

எல்.பி ரெக்கார்டின் பள்ளம் கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அகலம்தான். அந்தப் பள்ளத்தின் சுவர்களில் இருக்கும் நெளிவுகளைத்தான் முள் படிக்கிறது. மெல்லிய ஒலிகளுக்கான நெளிவு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடவும் சிறியது. ஆக, அது பாட்டா, பக்கத்து அறையில் ஓடும் வாஷிங் மெஷினா என்று பிரித்துப் பார்க்க முள்ளுக்குத் தெரியாது. எது ஆட்டினாலும் அதை ஒலியாக மாற்றி அனுப்பிவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ரெக்கார்டு வெட்டும்போது பாஸ் ஒலியைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். இல்லையென்றால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் கொள்ளும் பாட்டு குறைந்துவிடும். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரின் போனோ பகுதி அந்த பாஸைத் திரும்பத் தூக்கிக் கொடுக்கும். 1954-ல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ அளவுமுறைப்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 9 மடங்கு பெருக்கப்படுகிறது. தரை ஆடுவதும், லாரி போவதும், மோட்டார் ஓடுவதும் பெரும்பாலும் இந்தக் கீழ் எல்லையில்தான் வரும். அதாவது, நமக்கு வேண்டாத அதிர்வுதான் அதிகமாகப் பெருக்கப்படுகிறது.

ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே டி.வி யூனிட்டில் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்பீக்கர் பலகையை ஆட்டும், பலகை முள்ளை ஆட்டும், முள் சொன்னதை ஆம்ப்ளிஃபயர் பெருக்கித் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்பும். அந்தச் சுற்றுதான் நீங்கள் கேட்கும் உறுமல். இதை அப்படியே விட்டால் வூஃபர் கெடலாம். தாவுகிற முள் ரெக்கார்டில் கீறலும் போடலாம். வூஃபரையாவது காசு கொடுத்து மாற்றிவிடலாம். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தமிழ்ப்பட ரெக்கார்டை எங்கே போய்த் தேடுவது?

நம் வீடு வேற, அவங்க வீடு வேற

யூட்யூபில் வரும் அறிவுரைகளில் பல, மரத்தரை வீடுகளுக்கானவை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மரச்சட்டத்தின் மேல் பலகை போட்ட தரைகள் அதிகம். நடந்தாலே துள்ளும். நம்முடையது சிமென்ட் தரை. மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட கீழ்த்தளத் தரை என்றால், நடக்கிற அதிர்வு பெரிய பிரச்னையே இல்லை. அங்கே தொல்லை ஸ்பீக்கரிலிருந்தும், ஆடுகிற ஷோகேஸிலிருந்தும்தான் வரும்.

மாடி வீடு என்றால் கதை வேறு. கான்கிரீட் தளம் நடுவில்தான் அதிகம் வளையும். சுவரும் பீமும் தாங்கும் ஓரத்தில் ரொம்பக் குறைவு. தொப்பூர் கணவாய் வழியாகப் போகிற சேலம் - பெங்களூரு நெடுஞ்சாலையையோ, ரயில் பாதையையோ ஒட்டி வீடு இருந்தால், கனரக வண்டிகளின் அதிர்வும் மண் வழியாக வந்து சேரும்.

காசே செலவில்லாத மூன்று வேலைகள்

1. ஸ்பீக்கரையும் டர்ன்டேபிளையும் தனித்தனி மேஜையில் வையுங்கள். பாதித் தொல்லை இதிலேயே தீர்ந்துவிடும்.

2. டர்ன்டேபிளைச் சுவரை ஒட்டி வையுங்கள். ஆனால், மூலையில் வேண்டாம். அறையின் மூலையில்தான் பாஸ் ஒலியின் அழுத்தம் அதிகம். இரண்டு அடியாவது தள்ளி வைப்பது நல்லது. கிரைண்டர், வாஷிங் மெஷின் இருக்கும் சுவருக்கு எதிர்ச் சுவர் இன்னும் நல்லது.

3. மேஜையைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் காலுக்கு அடியில் அட்டை கொடுத்து ஆட்டத்தை நிறுத்துங்கள். செங்கல் சுவரில் உறுதியாக அடித்த ஷெல்ஃப், ஆடுகிற ஸ்டாண்டை விட எவ்வளவோ மேல்.

கல் பாதி, காற்று பாதி

தகடூர் மண்ணுக்குக் கல் புதுசில்லை. நடுகற்கள் நிறைந்த மாவட்டம் இது. இன்றைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கிரானைட் குவாரிகளும் பாலிஷ் பட்டறைகளும் பேர்பெற்றவை. நாம் 'கறுப்பு கிரானைட்' என்று வாங்கும் கல்லில் பெரும்பகுதி, புவியியல் கணக்குப்படி டோலரைட். சாதாரண கிரானைட்டை விடக் கனமானது. துல்லியமான அளவு பார்க்கும் எந்திரங்களுக்கு அடிமேடையாகக் கறுப்புக் கல்லைப் பயன்படுத்துவது வழக்கம். கனமும் வளையாத தன்மையும்தான் காரணம்.

பட்டறையில் கேட்க வேண்டியது, கிச்சன் மேடையில் சிங்க் வைப்பதற்காக வெட்டியெடுத்த துண்டு. கிட்டத்தட்ட டர்ன்டேபிளுக்கு அளவெடுத்த மாதிரியே இருக்கும். 45 செ.மீ நீளம், 40 செ.மீ அகலம், 18 மி.மீ கனம் என்றால், சாதாரண கிரானைட் சுமார் 8.7 கிலோ, கறுப்புக் கல் சுமார் 9.7 கிலோ. ஓரத்தை மட்டும் தேய்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால், பலரும் தப்புப் பண்ணுவது இங்கேதான். கல்லை அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கல்லை விரலால் சுண்டிப் பாருங்கள், 'ணங்' என்று ஒலிக்கும். கெட்டியான மேஜை மேல் கெட்டியான கல் உட்கார்ந்தால், அதிர்வு நேராக மேலே ஏறிவிடும். கனம் பாதி வேலையைத்தான் செய்யும். அதற்கு அடியில் மெத்தென்று ஒன்று வேண்டும். கனமும் மென்மையும் சேர்ந்தால்தான் அதிர்வு அறுபடும். ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ ஆய்வகத்தில் 40 கிலோ கண்ணாடிகளை நான்கு அடுக்கு ஊசலில் தொங்கவிட்டிருப்பதும் இதே தத்துவத்தில்தான்.

கொஞ்சம் கணக்கு, ரொம்ப இல்லை

கல்லும் அதற்கு அடியில் உள்ள மெத்தையும் சேர்ந்து, தட்டினால் நொடிக்கு இத்தனை முறை என்று ஆடும். அதுதான் அதன் இயல்பு அதிர்வெண். அதைப்போல சுமார் 1.4 மடங்குக்கு மேலே வரும் அதிர்வைத்தான் அது தடுக்கும். அதற்குக் கீழே ஒரு பயனும் இல்லை. இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி வந்தால் இன்னும் பெரிதாக்கிவிடும். உதாரணமாக, 5 ஹெர்ட்ஸில் ஆடும் அமைப்பு, 30 ஹெர்ட்ஸ் அதிர்வைச் சுமார் 35-ல் ஒரு பங்காகக் குறைக்கும். ரப்பருக்குள் இருக்கும் உராய்வைப் பொறுத்து இந்தப் பலன் கொஞ்சம் குறையலாம். நொடிக்கு இரண்டு அடி எடுத்துவைக்கும் நடையின் 2 ஹெர்ட்ஸ் ஆட்டத்தை அது தொடக்கூட முடியாது. அதனால்தான் முதலில் இடம், பிறகுதான் கல்.

இன்னொரு எச்சரிக்கை: டர்ன்டேபிளின் கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து பொதுவாக 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இயல்பாக ஆடும். உங்கள் மெத்தையும் அதே எல்லையில் ஆடினால் முள் இன்னும் தாவும். 5 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே கொண்டுவருவதே இலக்கு. மெல்லிய ரப்பர் ஷீட்டால் இது ஆகாது. ஸ்பிரிங் கணக்கில் சொன்னால், பாரம் ஏற்றியதும் 10 மி.மீ அளவுக்கு அமுங்க வேண்டும். காற்று அடைத்த ட்யூப் இதைச் சுலபமாகச் செய்யும்.

செய்வது எப்படி?

பஞ்சர் கடையில் சின்னப் பிள்ளைகள் ஓட்டும் 12 இன்ச் சைக்கிளுக்கான ட்யூப் ஒன்று வாங்குங்கள். மேஜை மேல் ஒரு பிளைவுட் பலகை, அதன் மேல் ட்யூப், ட்யூப் மேல் கல், கல் மேல் டர்ன்டேபிள். வால்வு வெளிப்பக்கம் இருக்கட்டும். கல் பலகையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எழும்புகிற அளவுக்கு மட்டும் காற்றடியுங்கள். முட்ட முட்ட அடித்தால் கல் போலவே கெட்டியாகிவிடும்.

கடைசியாக ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சாய்வு இருந்தால் டர்ன்டேபிளைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்யுங்கள். காற்று மெதுவாக இறங்கும் என்பதால் வாரம் ஒருமுறை மட்டம் பார்ப்பது நல்லது.

உங்கள் டர்ன்டேபிளுக்குள்ளேயே ஸ்பிரிங் இருந்தால் ட்யூப் வேண்டாம். எட்கர் வில்ச்சரின் ஏ.ஆர் டர்ன்டேபிள் 1961-லேயே இப்படித்தான் வந்தது. ஸ்பிரிங் மேல் ஸ்பிரிங் வைத்தால் இரண்டும் சேர்ந்து தள்ளாடும். அவற்றுக்கு ஆடாத ஷெல்ஃப்தான் சரி.

எதுக்கு வேண்டாம்?

டேக், ஸ்ட்ரீமிங் பாக்ஸ், ஒயர்... இவற்றுக்கெல்லாம் அதிர்வு மேடை வாங்கச் சொன்னால், பர்ஸை மூடிவிடுங்கள். அவற்றில் முள்ளும் இல்லை, பள்ளமும் இல்லை. விதிவிலக்கு, வால்வு ஆம்ப்ளிஃபயர். வால்வை மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் கேட்கும் ரகங்கள் உண்டு. அதற்கு மெத்தை உதவும்.

மாடியில் சப்-வூஃபர் வைத்திருந்தால் அதற்கு அடியிலும் கல்லும் தடித்த ரப்பரும் கொடுங்கள். கூர்முனைக் கால்கள் டைல்ஸைக் கீறும். அதிர்வையும் தளத்துக்கு அப்படியே கடத்தும். கீழ்வீட்டில் கைக்குழந்தையோ வயசானவங்களோ இருக்கலாம். ஆனால், மெத்தை தடுப்பது தரை வழியே போகும் அதிர்வை மட்டும்தான். காற்று வழியே போகும் பாஸுக்கு, ராத்திரியில் வால்யூமைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

போனிலேயே டெஸ்ட்!

ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைபாக்ஸ்' என்ற இலவச ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள். போனைக் கல் மேல் வைத்து, முடுக்க ஸ்பெக்ட்ரம் பகுதியைத் திறந்து, கல்லை மெல்லத் தட்டுங்கள். எந்த எண்ணில் முகடு எழுகிறதோ, அதுதான் உங்கள் மேடையின் அதிர்வெண். 5-க்கு மேலே காட்டினால் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்.

போன் சென்சார் பெரிய ஆட்டத்தைத்தான் பிடிக்கும். நுணுக்கமான சோதனைக்கு முள்ளே போதும். சுழலாத ரெக்கார்டு மேல் முள்ளை இறக்கி, வால்யூமை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மெதுவாக ஏற்றி, மேஜையை விரலால் தட்டுங்கள். உறுமல் எழுந்தால் உடனே வால்யூமைக் குறைத்துவிடுங்கள். ட்யூப் வைப்பதற்கு முன் ஒரு தடவை, வைத்த பின் ஒரு தடவை. 'டொக்' சத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை உங்கள் காதே சொல்லும். குறையவே இல்லையென்றால், கல்லை மாற்றாதீர்கள். இடத்தை மாற்றிப் பாருங்கள்.