1960ஆம் ஆண்டுச் சட்டமும் எமது அதிபர்களும்

1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் முகாமையை அரசுக்கு மாற்றியது. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகள் விரும்பினால் தனித்து நிற்கலாம். ஆனால் அரச நன்கொடை கிடையாது, வகுப்புக் கட்டணம் அறவிடவும் தடை. எமது கல்லூரி தனித்து நின்றது.

அதன்பின் எமது அதிபர்களுக்கு இரட்டைச் சுமை. பாடத்திட்டமும் வரவு இடாப்பும் திணைக்கள விதிப்படி இருக்கவேண்டும். ஆசிரியர் சம்பளத்துக்கோ தாமே வழி தேடவேண்டும். பெற்றாரும் பழைய மாணவிகளும் கைகொடுத்தனர். குறைந்த சம்பளத்தில் கற்பித்த ஆசிரியைகளே அதிகம் கொடுத்தவர்கள்.

அரசிடம் சென்ற பாடசாலைகளும் பிள்ளைகளின் நலனையே எண்ணின. வைத்தியசாலை விடுதிகளை நிர்வகிக்கும் எம்மிற் சிலர், விதிக்கும் வசதிக்குமிடையே நிற்பதன் பாரத்தை இன்று அறிவோம். அடுத்த நூற்றாண்டில் அப்பாரம் அதிபரின் மேசையில் மட்டும் கிடக்கலாகாது.