எண்ணெய்க் கசிவும் கரிமக் களிமண்ணும்

கரிமக் களிமண் என்பது நீரை ஈர்க்கும் இயற்கைக் களிமண்ணை, எண்ணெயை ஈர்க்கும்படி வேதிமுறையில் மாற்றிப் பெறும் பொருளாகும். நீரில் கலந்த எண்ணெயைப் பிரிக்க இது பயன்படுகிறது.

களிமண் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் என்பது பழைய அறிவு. ஐரோப்பாவில் கம்பளித் துணியின் கொழுப்பை நீக்க ஒருவகை மண்ணைப் பல நூற்றாண்டுகள் பயன்படுத்தினர். நம் கடைகளில் விற்கும் முல்தானி மட்டியும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆனால் இத்தகைய மண்ணை நீரில் இட்டால், எண்ணெயைவிட நீரையே அதிகம் ஏற்கும்.

இதற்குக் காரணம் மண்ணின் அமைப்பு. பிரான்சிலுள்ள மான்ட்மோரியான் என்ற ஊரின் பெயரைக் கொண்ட மான்ட்மோரிலோனைட் கனிமம், மெல்லிய தாள்களை அடுக்கியது போன்றது. தாள்களில் எதிர்மின் சுமை உண்டு. அவற்றின் இடையே உள்ள சோடியம், கால்சியம் அயனிகள் நீரை இழுப்பதால் மண் உப்புகிறது. இந்த அயனிகளுக்குப் பதிலாக நீண்ட கார்பன் வால் கொண்ட அமோனியம் அயனிகளைப் புகுத்தினால், தாள்களின் இடைவெளி எண்ணெய்க்கு உகந்ததாகிவிடும். 1949இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஜோர்டான் இத்தகைய களிமண் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தொடக்கத்தில் இது வண்ணப்பூச்சுகளையும் மசகுகளையும் கெட்டியாக்கவே பயன்பட்டது.

1967 மார்ச் 18 அன்று இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைக்கு அப்பால் ‘டோரி கேன்யன்’ கப்பல் பாறையில் மோதியது. அதில் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் இருந்தது. பிரிட்டன் தெளித்த சுமார் 10,000 டன் சலவை வேதிப்பொருள், எண்ணெயைவிட அதிகமாகக் கடலுயிர்களைக் கொன்றது. பிரான்சு வேறு வழியில் சென்றது. கொழுப்பு அமிலம் சேர்த்த சுண்ணாம்புத் தூளைத் தூவி, எண்ணெயைக் கடலடியில் அமிழ்த்தியது. சுண்ணாம்பு களிமண் அல்ல. ஆயினும் நீரை விரும்பும் கனிமத்தை எண்ணெய்க்கு இணங்கச் செய்யும் தத்துவம் ஒன்றே.

எண்ணெய் கண்ணுக்கு மறைந்தது. கடலை விட்டு நீங்கவில்லை. அமிழ்ந்த எண்ணெய் கடலடி உயிர்களுக்குக் கேடு என்பதால், அமிழ்த்தும் பொருள்களைப் பயன்படுத்த அமெரிக்க விதிகள் பின்னர் தடை விதித்தன.

இன்று கரிமக் களிமண் பெரும்பாலும் வடிகலன்களில் நிரப்பப்பட்டு, ஆலைகளின் எண்ணெய்க் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறது. திறந்த கடலில் தூவிய மண்ணைத் திரும்ப அள்ளுவது கடினம். கலனுக்குள் இருப்பதை எளிதில் எடுத்துவிடலாம். எண்ணெயை மண் பிடித்துக்கொள்வது பாதி வேலைதான். அந்த மண்ணை நீரிலிருந்து வெளியே எடுத்து முறையாக அகற்றும்போதுதான் தூய்மைப்பணி முழுமை பெறும்.