சாவந்தவாடியின் வட்டச் சீட்டுகள்

மேற்கே அரபிக்கடல், கிழக்கே சஹ்யாத்திரி மலை. இவ்விரண்டுக்கும் இடையே தென்னையும் மாவும் முந்திரியும் செழித்து விளங்குவது மகாராஷ்டிரத்தின் தென்கோடியிலுள்ள சிந்துதுர்க்க ஜில்லா. 1664ஆம் ஆண்டில் சிவாஜி மகாராஜர் மால்வண் கடற்கரையை அடுத்த தீவில் எழுப்பத் தொடங்கிய கோட்டையின் பெயரே, 1981இல் இந்த ஜில்லா அமைந்தபோது இதற்கு இடப்பட்டது. அக்கோட்டையைப் பலரும் அறிவர்; இங்குள்ள சாவந்தவாடியின் கைத்தொழிலையோ சிலரே அறிவர்.

சித்தாரிகள் எனப்படும் அவ்வூர்ச் சித்திரக்காரர் வட்டச் சீட்டுகளில் திருமாலின் பத்து அவதாரங்களைத் தூரிகையால் தீட்டி, அரக்குப் பூசி மெருகேற்றுவர். கஞ்சீபா என்பது இதன் பெயர். அவதாரம் ஒன்றுக்கு அரசன், மந்திரி, எண்சீட்டுப் பத்து ஆகப் பன்னிரண்டு வீதம் ஒரு கட்டுக்கு 120 சீட்டுகள். அச்சிட்ட சீட்டு மலிந்தபின் இதனை வாங்குவோர் குன்றினர். தொழில் அறிந்தோரும் அருகினர். 1970களில் அவ்வூர் அரச குடும்பத்துச் சிவராமராஜே போன்ஸ்லேயும் அவர்தம் தேவியார் சத்வசீலா தேவியும், முதிய சித்தாரி ஒருவரிடம் தாமே இக்கலையைப் பயின்று, அரண்மனையிலேயே பட்டறை அமைத்து இளைஞரைப் பழக்கினர். அதனாலன்றோ இக்கலை அழியாது நின்றது!

அன்பர்களே, கைத்தொழில் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று; அறிந்தவரோடு அதுவும் மறைந்துவிடும். நம் குடும்பங்களிலும் முன்னோர் தொழில் வல்ல முதியோர் இன்றும் உளர். அவர்தம் கை ஓயுமுன் நம் மக்கள் அருகிருந்து கற்பார்களாக.