ஓபன்வி டைரக்டரி கடந்து வந்த வழி

நெட்பேக்கப் என்ற பேக்கப் மென்பொருள் போட்ட லினக்ஸ் சர்வரில் யூஎஸ்ஆருக்குள் 'ஓபன்வி' என்றொரு டைரக்டரி இருக்கும். பேக்கப் எடுக்கும் கமாண்ட் பிபிபேக்கப், திரும்ப எடுப்பது பிபிரீஸ்டோர். புதிதாக வேலைக்கு வந்தவருக்கு இந்த 'பிபி' புரியாது. ரத்த அழுத்தம் என்று சீனியர்கள் கேலி செய்வதிலும் தப்பில்லை.

1987-இல் கிரைஸ்லர் கார் நிறுவனத்துக்காக கன்ட்ரோல் டேட்டா எழுதிய மென்பொருள் இது. 1993-இல் அதற்கு பேக்கப்பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். பிபி அதன் மிச்சம். அந்த ஆண்டுக் கடைசியில் ஓபன்விஷன் வாங்கியது. டைரக்டரியின் பெயர் அவர்கள் விட்டுப்போனது. 1997-இல் ஓபன்விஷனையே வெரிடாஸ் வாங்கியது. வெரிடாஸ் வழியாகத்தான் இந்த கோட் புனேக்கு வந்தது; அங்குள்ள டெவலப்மென்ட் சென்டர் அந்நிறுவனத்தின் பெரிய மையங்களில் ஒன்றானது. பிறகு 2005-இல் சைமன்டெக், 2016-இல் கார்லைல், 2024 டிசம்பரில் கொஹேசிட்டி. முதலாளி மாறிக்கொண்டே இருந்தார், டைரக்டரி மாறவில்லை.

ஏன் மாற்றவில்லை? வாடிக்கையாளர்கள் எழுதிவைத்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் அந்தப் பெயர்களைத்தான் கூப்பிடுகின்றன. மாற்றினால் ராத்திரி ஓடவேண்டிய பேக்கப் நின்றுபோகும்.

இந்த மென்பொருள் இத்தனை கை மாறியும் பிழைத்திருப்பதற்குக் காரணம் கலப்பு ஆபீஸ்தான். அக்கவுண்ட்ஸில் விண்டோஸ், டிசைனில் மேக், சர்வர் அறையில் லினக்ஸ். ஒரு விண்டோஸ் ஷேரைத் திறந்து லினக்ஸ் சர்வரை அப்படியே காப்பி செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. போதாது. கோப்பின் உரிமையாளர், பெர்மிஷன் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடும். பெரிய எழுத்தில் ஒன்று, சின்ன எழுத்தில் ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால், விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா கோப்புகளை நேராக எடுத்தால், ரீஸ்டோர் செய்யும் நாளில் டேட்டாபேஸ் எழுந்திருக்காமலே போகலாம். விண்டோஸ் பக்கம் தொல்லை வேறு: அவுட்லுக் திறந்தே கிடந்தால் பிஎஸ்டி கோப்பு லாக் ஆகிவிடும், அதற்கு ஷேடோ காப்பி வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு மெஷினிலும் அதன் மொழி தெரிந்த ஏஜென்ட் ஒன்று உட்கார்ந்து, மையத்திலிருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது. காலையில் அட்மின் பார்ப்பது ஒரே எண்ணைத்தான். ஸ்டேட்டஸ் 0 என்றால் டீ குடிக்கப் போகலாம். 1 என்றால் சில கோப்புகள் விடுபட்டிருக்கின்றன. அந்த 1-ஐப் பார்த்துப் பழகிப்போவதுதான் என் கணக்கில் பெரிய ஆபத்து.

இந்தப் பழைய பெயர்களை விட்டுப் புதிதாகத் தொடங்கியவர்களும் உண்டு. வெரிடாஸில் இருந்த ஜஸ்பிரீத் சிங், மிலிந்த் போராட்டே, ரமணி கோதண்டராமன் மூவரும் 2008-இல் புனேயிலேயே துருவா என்ற பேக்கப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முதலில் லேப்டாப், பிறகு சர்வர், எல்லாம் கிளவுடுக்கு. டேப்பும் இல்லை, பிபியும் இல்லை.

ஆனாலும் அலமாரியில் டேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம். நெட்பேக்கப் எழுதுவது டார் வடிவத்தில். மல்டிபிளெக்ஸ், என்கிரிப்ஷன் எதுவும் போடாத லினக்ஸ் பேக்கப் என்றால், நெட்பேக்கப்பே இல்லாத மெஷினிலும் ஜிஎன்யூ டாரைக்கொண்டு பிரித்துவிடலாம்.