மம்பட்டிக்குத் தெரிஞ்சது ஜேசிபிக்குத் தெரியல

போன மாசம் வீட்டுக்குப் பின்னால செப்டிக் டேங்க் குழி எடுக்க ஜேசிபி வரச் சொல்லியிருந்தேன். வண்டி உள்ளே வந்து வாளியை இறக்கப் போற நேரத்துல பெரியப்பா தடியை ஊனிக்கிட்டே வேகமா வந்தார்.

"கண்ணு, நிறுத்தச் சொல்லு. அங்க கீழ தண்ணிக் குழாய் போகுது."

எங்கேன்னு கேட்டா, வேப்ப மரத்துக்கும் கட்டுத்தறிக்கும் நடுவுலன்னார். கட்டுத்தறியை இடிச்சே பதினஞ்சு வருசம் ஆச்சு. மம்பட்டியால மெதுவா கொத்திப் பார்த்தோம். ரெண்டு அடிக்குக் கொஞ்சம் கீழே பைப்பு இருந்துச்சு. எங்க தெருவுக்கே குடிதண்ணி போற பைப்பு. டிரைவர் தம்பி, "நல்ல வேளைங்க"ன்னு சொல்லிட்டு வண்டியை அஞ்சு அடி தள்ளி நிறுத்தினார். போன வருசம் பக்கத்துத் தெருவுல இதே மாதிரி ஒரு குழி எடுத்தப்ப மூணு நாள் தண்ணி இல்லாம குடத்தோட அலைஞ்சதை யாரும் மறக்கல.

இந்தக் கோடெல்லாம் எப்போ மண்ணுக்குள்ள போச்சுன்னு அன்னிக்கு ராத்திரி யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தாத்தா காலத்துல கவலை ஓட்டினாங்க. ரெண்டு எருது, ஒரு சால், கிணத்து மேட்டுல இருந்து வாய்க்கால். தண்ணி போற வழி ஊருக்கே தெரியும். கரை உடைஞ்சாலும் தெரியும், ஒருத்தன் திருட்டுத்தனமா மடை மாத்தினாலும் தெரியும். அப்புறம் கரண்டு வந்து மோட்டார் வந்துச்சு. கிணத்துத் தண்ணி கீழே போகப் போக, வாய்க்கால்ல ஊறிப் போற தண்ணி நட்டமா தெரிஞ்சுது. முதல்ல சிமெண்டுக் குழாய், பிறகு பிவிசி. வாய்க்கால் மண்ணுக்குள்ள போயிருச்சு. அது போற வழி மட்டும் வெட்டினவன் ஞாபகத்துல நின்னுது.

உங்க வீட்டுப் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்க. கிணத்துல இத்தனை பாகம், மின் மோட்டார் பாத்தியம், பைப்லைன் பாத்தியம், மாமூல் வண்டித்தட பாத்தியம்னு வரிசையா எழுதியிருக்கும். அந்தப் பைப் எந்த வரப்போரமா, எத்தனை அடி ஆழத்துல போகுதுன்னு எழுதின பத்திரத்தை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறப்ப பாதிச் சண்டைக்குக் காரணம் இதுதான்.

அந்தக் காலத்துல பெரிய ஆபத்து இல்லாம ஓடினதுக்குக் காரணம், தோண்டினது கை. மம்பட்டி குழாயில பட்டா சத்தம் மாறும், பிடியில ஒரு அதிர்வு வரும், ஆள் நிறுத்திருவான். இந்தியாவுல ஜேசிபி கம்பெனி ஆரம்பிச்சது 1979ல். அந்த மஞ்சள் வண்டி கிராமத்துக்கு வந்த பிறகு, பத்து ஆளு வேலை ஒரு மணி நேரத்துல முடியுது. நானும் அதைத்தான் கூப்பிடுறேன். ஆனா வாளிப் பல்லுல குழாய் சிக்கினது, சீட்டுல உட்கார்ந்திருக்கிற தம்பிக்கு உடைஞ்ச பிறகுதான் தெரியும்.

கையால தோண்டுறதோட அருமைக்கு நம்ம பக்கத்துலயே ஒரு சாட்சி இருக்கு. பழனிக்குத் தென்மேற்கே இருக்கிற பொருந்தல்ல 2009ல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காரங்க அகழாய்வு செஞ்சாங்க. ஈமக்குழி ஒன்னுல நாலு கால் ஜாடிக்குள்ள ரெண்டு கிலோ அளவுக்கு நெல்லு கிடைச்சுது. அதோட காலம் கி.மு. 490னு கணிச்சாங்க. ஜேசிபி வாளி அந்த இடத்துல இறங்கியிருந்தா ஜாடியும் தெரிஞ்சிருக்காது, நெல்லும் தெரிஞ்சிருக்காது.

இது வரைக்கும் சொன்னது நாமே புதைச்சது, நம்ம முன்னோர் புதைச்சது. வெளியில இருந்து வந்து புதைக்கிறது வேற கதை. கொச்சியில இருந்து இருகூர் வழியா கரூருக்கு பெட்ரோல், டீசல் கொண்டு போற குழாய் நம்ம வடக்கே முன்னாடியே இருக்கு. அதுக்கப்புறம் கெயில் எரிவாயுக் குழாய். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்ட விவசாயிகள் எதிர்த்து நின்னாங்க. தமிழக அரசும் 2013ல், விளைநிலத்துல வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமா கொண்டு போங்கன்னு சொல்லுச்சு. உயர் நீதிமன்றத்துல தோத்து, 2016 பிப்ரவரியில உச்ச நீதிமன்றத்துலயும் தோத்தாச்சு.

அதுக்கு அடிப்படை 1962ஆம் வருசச் சட்டம். நிலம் நம்ம பேர்லயே இருக்கும், குழாய்க்கு உபயோக உரிமை மட்டும் எடுத்துக்குவாங்க. பயிர்ச் சேதம் போக, நிலத்து மதிப்புல 10 சதவீதம் தருவாங்க. அதுக்குப் பிறகு அந்தப் பட்டையில கட்டடம் கூடாது, கிணறு கூடாது, மரம் கூடாது. தென்னை வெச்சுப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கடைசி வார்த்தை எப்படி இருக்கும்னு சட்டம் எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு எனக்குச் சந்தேகம்தான். கோபம் இருக்கட்டும். குழாய் போட்டாச்சுன்னா அந்த இடத்துல ஆழமா தோண்டுறது நம்ம உயிர் விசயம்.

பெல்ஜியத்துல கிஸ்லாங்கியன்னு ஒரு ஊர். 2004 ஜூலை 30ஆம் தேதி பெரிய எரிவாயுக் குழாய் வெடிச்சு 24 பேர் செத்தாங்க. அன்னிக்கு அந்தக் குழாயை யாரும் தோண்டல. அதுக்கு முன்னாடி அங்க நடந்த கட்டுமான வேலையில மண்ணு வண்டி குழாயைச் சுரண்டிருச்சு. உடையல, கீறல்தான். குழாய்க்குள்ள அழுத்தம் கூடினப்ப அந்த இடம் தாங்கல. அதனால பட்டுருச்சுன்னா மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போறது பெரிய பாவம். சின்னக் கீறலா இருந்தாலும் குழாய்க்காரனுக்குச் சொல்லிரணும். மஞ்சள் அடையாளக் கல்லுல அவங்க போன் நம்பர் எழுதியிருக்கும்.

மத்திய அரசு 2023 மார்ச் 22ல் இதுக்குன்னே ஒரு செயலி விட்டுச்சு. பேரு 'கால் பிஃபோர் யூ டிக்'. தோண்டுறதுக்கு முன்னாடி இடத்தைக் குறிச்சா, அங்க கேபிள், குழாய் வெச்சிருக்கிறவங்களுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடுதான். ஆனா எங்க தெருவுப் பைப்பும், வயக்காட்டுப் பைப்பும் எந்தச் செயலியில இருக்கும்? அதுக்கு வயசானவங்களைத்தான் கேட்கணும். தோண்டுறப்ப மண்ணையும் கவனிக்கணும். கரண்டு கேபிளை முறையா புதைச்சா, முக்கால் மீட்டர் ஆழத்துல மணல் போட்டு மேல செங்கல் அடுக்குவாங்க. வெறும் மண்ணுக்குள்ள திடீர்னு மணலும் வரிசைச் செங்கல்லும் வந்தா, கடப்பாரையைக் கீழே வெச்சிருங்க.

மறுநாள் ஒரு நோட்டுல வீட்டையும் தோட்டத்தையும் வரைஞ்சு, தெரிஞ்ச பைப்பையெல்லாம் கோடு போட்டேன். அடையாளத்துக்கு மரத்தை வைக்கல, வீட்டு மூலையில இருந்து அடி அளந்து எழுதினேன். பெரியப்பாகிட்டக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"மூணுதான் போட்டிருக்க. கிணத்துல இருந்து களத்துக்கு உங்க அப்பன் ஒன்னு போட்டானே, அது எங்க?"

எனக்கு அது தெரியவே தெரியாது. கடப்பாரையை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் களத்துக்குப் போனோம்.